பாய்க்கப்பலில் போகும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து ஒரு பொதி

ரொறன்ரோவுக்கோ பாரிசுக்கோ பொதி கட்டத் தெரியாத வீடு வன்னியில் அரிது. ஒடியல் மாவையும் மிளகாய்த்தூளையும் நிறுத்துக் கட்டி, மேலே இரண்டு சாரத்தை மடித்து வைத்து, பெட்டியைச் சுற்றி ஒட்டுநாடா ஓட்டி அனுப்பிவிடுகிறோம். அங்கே ஒரு கதவு உண்டு, கதவில் ஓர் இலக்கம் உண்டு, தட்டினால் திறக்க ஒருவர் உண்டு என்ற துணிவில்தான் அவ்வளவும் நடக்கிறது. பாய்க்கப்பலில் போகிறவருக்கு இந்த மூன்றும் இல்லை. காற்று மாறினால் அவருடைய வீடே இடம் மாறிவிடும்.

நான் மூன்று ஆண்டுகள் ஒரு வெளிநாட்டுப் பாய்க்கப்பலில் சமையலும் பாயும் பார்த்தவன். இப்போது முல்லைத்தீவில் இருந்துகொண்டு, அதே வேலைக்குப் போயிருக்கும் தங்கையின் மகனுக்குப் பொதி அனுப்புகிறவன். வாங்கும் முனையிலும் அனுப்பும் முனையிலும் நின்று பட்டறிந்ததை, முதன்முறையாகப் படகேறும் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். மருமகனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பொதி படகைத் துரத்தக் கூடாது. படகு போய்ச் சேரப்போகும் இடத்தில், அதை ஏற்றுக் கையெழுத்திட இணங்கிய ஒரு மனிதரிடம், படகுக்கு முன்பாகவே பொதி போய்க் காத்திருக்க வேண்டும். மற்ற ஒழுங்குகள் எல்லாம் இதற்காகத்தான்.

முதலில் இடமும் காலமும்

பொருளை வாங்குவதற்கு முன்னரே, எந்தத் துறையில் படகு குறைந்தது மூன்று கிழமை நிற்கும் என்பதைப் படகின் தலைவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பாய்க்கப்பலின் நாட்குறிப்பு காற்றைப் பின்பற்றியது. நம் கடற்கரையில் வாடைக்காலம், சோழகக்காலம் என்று தொழிலைப் பிரித்துக்கொள்வதைப் போலவே உலகைச் சுற்றும் படகுகளும் ஆண்டைப் பிரித்துக்கொள்கின்றன. தாய்லாந்தின் புக்கெற்றிலிருந்தும் மலேசியாவின் லங்காவியிலிருந்தும் வங்காள விரிகுடாவைக் கடந்து மேற்கே வரும் படகுகள், வாடைக்காற்று நிலைத்து வீசும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலத்தைத் தேர்ந்துகொள்கின்றன. தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம் என்பதால், அங்கே திரியும் படகுகளில் பல அப்போது நியூசிலாந்தில் ஒதுங்கி நிற்கின்றன. கரிபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை அதே அச்சம் உண்டு. இப்படி ஒதுங்கி நிற்கும் மாதங்களே பொதிக்கு உகந்த மாதங்கள்.

எல்லாத் துறைகளும் பொதிக்கு ஒன்றல்ல. லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. அங்கே படகுத்துறை அலுவலகங்களும் உண்டு, படகுகள் மாதக் கணக்கில் நிற்பதும் உண்டு, ஆகவே ஆசியப் பக்கத்தில் நான் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான். மத்தியதரைக் கடலின் வாசலில் உள்ள ஜிப்ரால்ரரில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி கிடையாது. கரிபியனில் சின்ற் மார்ட்டின் தீவின் டச்சுப் பகுதி தீர்வையற்ற துறை என்பதால், அத்திலாந்திக்கைக் கடந்து வருவோர் உதிரிப்பாகங்களை அங்கே வரவழைத்துக்கொள்கின்றனர். ஆனால் கனரித் தீவுகளின் லாஸ் பல்மாசில் ஒரு பொறி உண்டு. அத்தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இருந்தாலும் அதன் வற் எல்லைக்கு வெளியே இருப்பதால், ஸ்பெயினின் பெருநிலத்திலிருந்து வரும் பெட்டியும் அங்கே சுங்கத்தைத் தாண்டியாக வேண்டும். ‘ஒரே நாடுதானே, நாலு நாளில் வந்துவிடும்’ என்று நினைத்து, அத்திலாந்திக்குக்குப் புறப்படும் கிழமையில் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை ஒவ்வொரு நவம்பரிலும் அந்தத் துறையில் காணலாம்.

மாலைதீவின் வடமுனையில் உள்ள உலிகமு, அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கொக்கோஸ் தீவுகள் போன்ற இடங்களில் படகு அழகாக நிற்கும். பொதி போய்ச் சேருவதை நம்ப முடியாது. சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அனுப்பும் நாளைக் கணக்கிடும்போது நான் இப்படிச் செய்வேன்: தபாலகம் அல்லது கூரியர் நிறுவனம் சொல்லும் நாட்களை இரண்டால் பெருக்கி, அதன்மேல் சுங்கத்துக்கு ஒரு கிழமையைச் சேர்ப்பேன். அந்நாட்டு விடுமுறைகளையும் பார்த்துக்கொள்வேன். மலேசியாவில் சீனப் புத்தாண்டுக் கிழமை, நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் நத்தார் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை, பிரான்சிலும் இத்தாலியிலும் ஓகஸ்ட் மாதம் ஆகியவற்றில் வேலை மெல்ல நகரும். நம் பக்கத்தில் சித்திரை வருடப்பிறப்பு இருக்கிறது.

ஏற்பவரைத் தேடுதல்

இடப்பெயர்வுக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு இலக்கம் இருக்கவில்லை. சில மாதங்கள் வீடே இருக்கவில்லை. ஆனாலும் மாமாவின் கடிதம் வந்தது. ‘மே/பா’ என்று போட்டு ஒரு கடைக்காரரின் பெயருக்கு வந்தது. அவர் எங்களைத் தெரிந்தவர், நாங்கள் இப்போது எந்த மரத்தடியில் இருக்கிறோம் என்பதை அறிந்தவர், அதனால் அது கைக்குக் கிடைத்தது. படகுக்குப் பொதி அனுப்புவதும் இதே ‘மே/பா’ வேலைதான். வன்னியில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கடைக்காரரின் இடத்தில் ஒரு துறையில் யார் இருக்கலாம் என்றால், முதலாவது படகுத்துறை அலுவலகம், அதாவது எல்லோரும் மரினா என்று சொல்வது. அங்கே பணம் கட்டி நிற்கும் படகுகளின் பொதியை அநேகமாக ஏற்பார்கள். நங்கூரமிட்டு வெளியே நிற்கும் படகுகளின் பொதியைச் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள், சில இடங்களில் சிறு கட்டணம் கேட்பார்கள். இரண்டாவது, யொட் கிளப் எனப்படும் படகோட்டிகள் சங்கம். மூன்றாவது, படகின் துறைமுக அலுவல்களைப் பார்க்கும் முகவர். இவர் கட்டணம் வாங்குவார், ஆனால் சுங்கத்தை அறிந்தவர், விலை கூடிய உதிரிப்பாகம் வருகிறதென்றால் அந்தக் கட்டணம் வீணல்ல. 1954இல் தொடங்கப்பட்ட ஓஷன் குரூசிங் கிளப் போன்ற சங்கங்கள் பல துறைகளில் தொண்டர்களைத் துறை அலுவலர்களாக வைத்திருக்கின்றன; படகின் தலைவர் உறுப்பினராக இருந்தால் அவர்களைக் கேட்கலாம். கடைசியாக நம் சனம். உலகின் பெரிய துறைகளில் பலவற்றுக்கு அருகே யாரோ ஒருவரின் ஒன்றுவிட்ட சகோதரம் இருப்பார். உண்மையைச் சொன்னால் நான் பெற்ற பொதிகளில் சிக்கலின்றி வந்தவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் அவர் வேலைக்குப் போகிறவர், பகலில் கதவு பூட்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

யாராக இருந்தாலும், அனுப்புவதற்கு முன்னர் எழுதிக் கேட்டு எழுத்தில் சம்மதம் பெறுங்கள். மின்னஞ்சலில் படகின் பெயர், நீளம், கொடி நாடு, வந்துசேரும் உத்தேச நாள், பொதியின் அளவும் எடையும், அதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பன இருக்கட்டும். தீர்வையோ வரியோ கேட்டால் தங்கள் கையிலிருந்து கட்ட அவர்களுக்குச் சம்மதமா என்பதையும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காததால், ஒரு துறையில் எனக்கு வந்த பெட்டியை அலுவலகப் பெண்மணி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மீது தவறில்லை. முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவர் ஏன் நாற்பது யூரோ கட்ட வேண்டும்?

ஒருவரும் கிடைக்காவிட்டால் தபாலகத்திலேயே காத்திருக்க வைக்கும் முறை உண்டு. பல நாடுகளில் இதைப் ‘போஸ்ற் ரெஸ்ரான்ற்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஜெனரல் டெலிவரி’. பெறுநர் கடவுச்சீட்டோடு போய்ப் பெற்றுக்கொள்ள வேண்டும். வைத்திருக்கும் காலம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 30 நாள் வரை, பிரித்தானியாவில் வெளிநாட்டிலிருந்து வந்ததை ஒரு மாதம், உள்நாட்டில் அனுப்பியதை இரண்டு கிழமை வைத்திருப்பார்கள். எல்லாத் தபாலகங்களிலும் இந்த வசதி இல்லை. கூரியர் நிறுவனங்களின் பொதியை இந்த முகவரிக்கு அனுப்பவும் முடியாது.

பெயர் என்னும் சிக்கல்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். நம்மவர்களின் பொதிகள் தொலைவது கடலில் அல்ல, பெயரில்.

தகப்பன் பெயர் கந்தையா, பிள்ளையின் பெயர் குமார் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் கந்தையா என்பது குடும்பப்பெயர் இடத்திலும் குமார் என்பது மற்றப் பெயர் இடத்திலும் இருக்கும், சிலருக்கு இது தலைகீழாகவும் இருக்கும். வீட்டில் அவனைக் கூப்பிடுவது கண்ணன். அம்மா பெட்டியில் ‘க. குமார்’ என்று எழுதுகிறார். அக்கா கனடாவிலிருந்து அனுப்பும்போது ‘கண்ணன் கந்தையா’ என்று எழுதுகிறாள். படகின் தலைவருக்கோ அவன் ‘கே’ மட்டும்தான். அங்கே உள்ள அலுவலர் பொதிகளைக் குடும்பப்பெயரின் முதலெழுத்தின்படி அடுக்கி வைத்திருக்கிறார். பிள்ளை போய்க் கடவுச்சீட்டை நீட்டுகிறான், அவர் ஓர் அடுக்கைப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். பொதி அடுத்த அடுக்கில் இருக்கிறது.

ஆகவே கடவுச்சீட்டின் படப் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். அதிலுள்ள ஆங்கில எழுத்துகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். முதலெழுத்துச் சுருக்கம் வேண்டாம், செல்லப்பெயர் வேண்டாம், ‘திரு’, ‘செல்வன்’ என்ற மரியாதையும் வேண்டாம். குடும்பப்பெயராக அந்நாட்டார் எதைக் கொள்வார்களோ அதை முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதினால் குழப்பம் குறையும். பொதி வாங்கப் போகும்போது, இரண்டு பெயரிலும் தேடிப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைவர் உங்களுக்குப் பதிலாகப் போகிறார் என்றால், கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் கடவுச்சீட்டின் பிரதியும் அவரிடம் இருக்க வேண்டும்.

முகவரியின் வரிசை

முதல் வரியில் உங்கள் முழுப்பெயர். அடுத்த வரியில் படகின் பெயர், அதற்கு முன்னால் பாய்க்கப்பல் என்பதைக் குறிக்கும் ‘எஸ்வை’ அல்லது ‘எஸ்வி’ என்னும் ஆங்கிலச் சுருக்கம். மூன்றாவது வரியில் ‘மே/பா’வுக்குரிய ஆங்கிலக் குறியுடன் ஏற்பவரின் பெயர். அதன்பின் தெரு, ஊர், அஞ்சற் குறியீடு, நாடு. தொலைபேசி இலக்கம் அந்த நாட்டில் ஒலிக்கும் இலக்கமாக இருக்க வேண்டும். நடுக்கடலில் இருக்கும் பிள்ளையின் வட்ஸ்அப் இலக்கத்தைப் போட்டால் விநியோகிப்பவர் யாரைக் கூப்பிடுவார்? ஏற்பவரின் இலக்கத்தைப் போடுங்கள்.

இவை அனைத்தையும் ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டிக்கு வெளியே ஒட்டி, இன்னொரு பிரதியைப் பெட்டிக்கு உள்ளேயும் வையுங்கள். மழைக்காலத்தில் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேருவதற்குள் வெளியே உள்ளது கரைந்துபோன கதைகள் உண்டு.

தபாலா, கூரியரா

தபாலில் மூன்று வழிகள் உண்டு. 2 கிலோ வரைக்கும் சிறு பொதி, அதற்கு மேல் பார்சல், விரைவாகப் போக வேண்டுமென்றால் ஈஎம்எஸ். வன்னியின் சிறிய உபதபாலகங்களில் வெளிநாட்டுப் பொதி அலுவல் நடக்காமல் இருக்கலாம், ஆகையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் போன்ற பெரிய தபாலகங்களில் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். பெட்டியை ஒட்டாமல் கொண்டுபோங்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மறுபடி பிரிக்க நேராது. ஒட்டுநாடாவையும் கத்தரிக்கோலையும் கையில் வைத்திருங்கள்.

பற்றுச்சீட்டில் உள்ள 13 குறிகளைக் கவனியுங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், இறுதியில் இலங்கையைக் குறிக்கும் எல், கே என்னும் இரண்டு எழுத்துகள் இருக்கும். 1874இல் உருவான அகில உலகத் தபால் ஒன்றியத்தின் முறை இது என்பதால், பொதி வேறு நாட்டுக்குள் நுழைந்த பின்னரும் அந்நாட்டுத் தபால் சேவையின் தளத்தில் இதே குறியைக் கொண்டு தேட முடியும். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து உடனே அனுப்புங்கள்.

டிஎச்எல், பெடெக்ஸ் போன்ற கூரியர்கள் விரைவானவை, விலையும் கூடியவை. அவை பொதுவாகத் தபாற்பெட்டி இலக்கத்துக்குக் கொடுப்பதில்லை என்பதால் தெரு முகவரி அவசியம். இன்னொரு வேறுபாடு புதியவர்களுக்குத் தெரிவதில்லை. கூரியர் நிறுவனம் உங்களுக்காகச் சுங்கத்தைத் தானே தாண்டிவிட்டு, தீர்வையோடு தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும். சிறிய மதிப்புள்ள பெட்டிக்கு அந்தக் கட்டணம் தீர்வையைவிடப் பெரிதாகிவிடுவது உண்டு. என் வழக்கம், இயந்திரத்தின் உதிரிப்பாகமும் வங்கி அட்டையும் கூரியரில், உணவும் துணியும் தபாலில்.

வங்கி அட்டையைப் பற்றி ஒரு சொல். பல வங்கிகள் பதிவுசெய்த வீட்டு முகவரிக்குத்தான் அட்டையை அனுப்பும். வீட்டார் அதைப் பெற்றுக் கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே புறப்படுவதற்கு முன்னரே அட்டை காலாவதியாகும் மாதத்தைப் பார்த்துப் புதுப்பித்துக்கொண்டு போவது புத்தி.

சுங்கப் படிவம்

சிறிய பொதிக்கு சீஎன் 22, பெரியதற்கும் மதிப்புக் கூடியதற்கும் சீஎன் 23 என்னும் படிவம். இதில் ‘உணவு’, ‘சாமான்’, ‘உதிரி’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் சுங்க அலுவலர் பெட்டியைத் திறப்பார். ‘வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், 500 கிராம்’, ‘பனங்கிழங்கை உலர்த்தி அரைத்த மா, 1 கிலோ’, ‘பருத்திச் சாரம், 2’ என்று பொருள், அளவு, எடை, மதிப்பு ஆகியவற்றோடு ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒடியல் மா என்று மட்டும் எழுதினால் வெளிநாட்டில் ஒருவருக்கும் விளங்காது. பெயரில்லாத பையில் வெளிறிய தூள் என்பது எந்தச் சுங்க மேசையிலும் பிரச்சினைதான்.

பொதி கொடுபடாவிட்டால் என்ன செய்வது என்று அனுப்புபவரைக் கேட்கும் கட்டம் ஒன்று பார்சல் படிவத்தில் உண்டு: திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா? பலர் பார்க்காமல் கோடிட்டுவிடுவார்கள். திருப்பி அனுப்பச் சொன்னால் திரும்பும் கூலியை உங்களிடம் கேட்கக்கூடும். மிளகாய்த்தூளுக்காக அந்தச் செலவு தேவையா என்பதை முன்னரே முடிவுசெய்யுங்கள்.

வரம்புகளில் சிலவற்றை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையான பொருளுக்கு இருந்த வற் விலக்கு 2021 ஜூலை 1 உடன் நீங்கிவிட்டது. தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு 45 யூரோ வரை விலக்கு உண்டு. பிரித்தானியாவில் அன்பளிப்புக்கான வரம்பு 39 பவுண். அமெரிக்காவில் 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஓகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. 100 டொலருக்கு உட்பட்ட அன்பளிப்புகளுக்கு மட்டும் விலக்குத் தொடர்ந்தது. இவை அடிக்கடி மாறுகிறவை என்பதால் அனுப்பும் கிழமையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லி யாராவது புத்தி சொல்வார்கள். 200 டொலர் பம்பை 20 டொலர் என்று எழுதி, அது தொலைந்துபோனால் கிடைக்கும் நட்டஈடும் 20 டொலர்தான். பிடிபட்டால் தண்டம் வேறு.

படகின் உதிரிப்பாகத்துக்கு ஒரு தனி வழி உண்டு. வேற்று நாட்டுக் கொடியுடன் கடந்து போகும் படகுக்கு வரும் பாகம் அந்த நாட்டில் தங்கப்போவதில்லை என்பதால், பல நாடுகளில் அதற்குத் தீர்வை இல்லை, அல்லது குறைவு. இதற்காகப் பெட்டியிலும் விலைச்சிட்டையிலும் ‘யொட் இன் ட்ரான்சிட்’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, படகின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் சேர்க்க வேண்டும். பெறப் போகும்போது படகின் பதிவுச் சான்றிதழ், அந்நாட்டுக்குள் நுழைந்தபோது கொடுத்த பத்திரம், தலைவரின் கடவுச்சீட்டு ஆகியவை கையில் இருக்க வேண்டும். சில துறைகளில் சுங்க அலுவலர் பாகத்தோடு படகுக்கே வந்து, அது ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார். இது எல்லாக் கதவுகளையும் திறக்கும் மந்திரம் அல்ல. தீர்வை கேட்கும் நாடுகள் கேட்கத்தான் செய்யும். பினாட்டும் செருப்பும் உதிரிப்பாகம் அல்ல என்பதையும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டு, உணவைச் சோதிக்கும் வரை பம்பும் சேர்ந்து தடைப்பட்டதை நான் அனுபவித்திருக்கிறேன். பாகத்துக்கு ஒரு பெட்டி, பலகாரத்துக்கு வேறு பெட்டி.

உள்ளே என்ன போடலாம்

முதலில் போடக் கூடாதவை. அபாய ஒளிச் சமிக்ஞைகள் வெடிபொருள். உயிர்காப்பு அங்கியை ஊதச் செய்யும் சிறு உருளையில் இருப்பது அழுத்தப்பட்ட வாயு. படகின் அடிப்பூச்சு, பிசின், தெளிப்பான் போத்தல் ஆகியவை எரியக்கூடியவை. இவற்றைச் சாதாரண விமானப் பொதியில் அனுப்ப முடியாது. லிதியம் மின்கலத்தைத் தனியாகத் தபாலில் போடக் கூடாது, கருவிக்குள் பொருத்தியிருந்தாலும் கட்டுப்பாடு உண்டு. செய்மதிக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியிலும் அத்தகைய மின்கலமே இருப்பதால், அதை அபாயப் பொருளாக அறிவித்து உரிய கூரியர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இவற்றை எல்லாம் படகு நிற்கும் ஊரிலேயே வாங்கிக்கொள்வது மேல்.

உணவில் நாடு பார்த்துப் போட வேண்டும். வன்னித் தேனை ஒரு போத்தல் போட்டுவிட வேண்டும் என்று அம்மாமாருக்குக் கை துடிக்கும். நியூசிலாந்து நம் நாட்டுத் தேனை உள்ளே விடுவதில்லை. அங்கும் அவுஸ்திரேலியாவிலும் விதை, முளைக்கக்கூடிய எந்தப் பொருள், மண் ஒட்டிய கிழங்கு ஆகியவை பறிபோகும். பயறும் உழுந்தும்கூட முளைக்கக்கூடியவை என்பதை நாம் யோசிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டுத் தபாலில் இறைச்சியையும் பாற்பொருளையும் ஏற்பதில்லை. வற்றல் இறைச்சியோடு மோர் மிளகாயையும் விட்டுவிடுவது நல்லது. கட்டாக் கருவாட்டை அனுப்பலாமா என்றால், நாடு அனுமதித்தாலும் பக்கத்துப் பெட்டிக்காரரை நினைத்து நான் அனுப்புவதில்லை. எந்த நாட்டிலும் அதிகம் தொல்லை தராதது, ஊரில் தொழில்முறையில் அடைத்து, உள்ளடக்கம் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட கறித்தூள் பைகள். வீட்டில் இடித்த தூளின் மணம் அதில் இல்லைத்தான்.

மருந்து என்றால் வைத்தியரின் சிட்டைப் பிரதியுடன், அசல் பெட்டியில் அனுப்புங்கள். பெயர் ஒட்டாத நாட்டு மருந்துத் தூள் வேண்டாம்.

கட்டும் முறையில் இரண்டு குறிப்புகள் போதும். மரப்பெட்டியோ மரச்சட்டமோ பயன்படுத்தினால், பூச்சி ஒழிக்கப் பதப்படுத்திய சர்வதேச முத்திரை அதில் இருக்க வேண்டும், ஆகவே மட்டைப் பெட்டியே போதும். உள்ளே ஒவ்வொரு பொருளையும் காற்றுப்புகாத பொலித்தீன் பையில் தனித்தனியே அடையுங்கள், ஏனென்றால் அந்த மட்டைப் பெட்டி படகுக்குள் ஏறப்போவதில்லை. மட்டையின் நெளிவுகளில் கரப்பான் முட்டை இருக்கும் என்பதால் அனுபவமுள்ள எந்தத் தலைவரும் அதை ஏற்றவிடமாட்டார்; துறை மேடையிலேயே பிரித்து, பொருளை மட்டும் எடுத்துச் செல்வோம். பெட்டியில்தான் முகவரி, பெட்டியில்தான் சிட்டை என்று வைத்திருந்தால் அதுவும் குப்பையோடு போகும்.

ஆள் கையில் கொடுத்தனுப்புதல்

படகு நிற்கும் ஊருக்கு யாராவது விமானத்தில் போகிறார்கள் என்றால் நம்மவர்களின் முதல் யோசனை அதுதான், பல வேளைகளில் அது சரியான யோசனையும்கூட. ஆனால் பயணப் பையில் வந்தாலும் சுங்கம் சுங்கமே. உதிரிப்பாகம் கொண்டுபோகிறவரிடம் விலைச்சிட்டை, படகின் பதிவுச் சான்றிதழின் பிரதி, ‘இந்தப் பாகம் எங்கள் படகுக்குரியது’ என்று தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். கொண்டுபோகிறவருக்குப் பொதியைப் பிரித்துக் காட்டிவிட்டு, அவர் முன்னாலேயே கட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். மற்றவர் தரும் மூடிய பொதியை நீங்களும் ஒருபோதும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

படகு நம் பக்கம் வந்தால்

வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் படகு காலிக்கோ திருகோணமலைக்கோ வரக்கூடும். இலங்கையில் வெளிநாட்டுப் படகு முகவர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், வெளிநாட்டிலிருந்து அதற்கு வரும் பொதியை அந்த முகவரின் பெயருக்கு ‘மே/பா’ போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பொதி கொழும்பில் சுங்கத்தைத் தாண்டி வர வேண்டும், ஆகையால் படகு வந்த பிறகு கேட்டால் நேரம் போதாது.

வீட்டிலிருந்து கொடுப்பதற்குத் தபாலே வேண்டாம். வவுனியாவுக்கு வந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போய்விடலாம். துறைமுகத்துக்குள் நினைத்தபடி போக முடியாது. முகவரிடம் முதல் நாளே உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுத்துவைத்து, அட்டையையும் கையில் கொண்டுபோங்கள். நண்டுக்கறியை எவர்சில்வர் வாளியில் கொண்டுபோகிறவர்கள் மூடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், படகுக்கு ஏற்றிச் செல்லும் சிறு றப்பர் வள்ளம் நன்றாக ஆடும்.